கடலும் அவளும் மட்டும்

மெய்ப்பு பார்ப்பவளுக்கு அந்த நாளிதழ் அலுவலகத்தில் பிடித்த இடம் ஒன்றே ஒன்றுதான்: மூன்றாவது அலமாரியின் அடி இழுப்பறை. பெரிய மனிதர்களைப் பற்றி அவர்கள் உயிரோடு இருக்கும்போதே எழுதி வைத்த இரங்கல் கட்டுரைகள் அதில் கிடந்தன. சாப்பாட்டு இடைவேளையில் ஒன்றைப் படித்தால் போதும், அவளுக்கு அன்றைய பொழுது இனித்துவிடும். எழுபது வயதில் விமானம் ஓட்டக் கற்றவர், பாம்புக்கடிக்கு மருந்து கண்டவர். சாகக் கிடந்த யாராவது படுக்கையிலிருந்து எழுந்துவிட்டால், "உன் ஆள் இந்த வாரமும் ஏமாத்திட்டார்மா" என்று பக்க ஆசிரியர் கிண்டலடிப்பார்.

அன்று மதியம் நீச்சல்காரி இறந்துபோனாள். ஐம்பது வருடங்களுக்கு முன் ஜலசந்தியைப் பத்தொன்பது மணி நேரத்தில் நீந்திக் கடந்தவள். கட்டுரை தயாராக இருந்தது. பக்கம் அச்சுக்குப் போக ஒரு மணி நேரம். நான்காவது வரியில் மெய்ப்பு பார்ப்பவளின் சிவப்புப் பேனா நின்றது.

"துணைக்கு ஓர் உயிரும் இல்லை. கடலும் அவளும் மட்டும்."

பத்தொன்பது மணி நேரமும் பக்கத்திலேயே துடுப்புப் போட்டுக்கொண்டு போனது மெய்ப்பு பார்ப்பவளின் அம்மா.

தாளோடு பக்க ஆசிரியரிடம் போனாள். "சார், இது பொய். கூடவே படகுல எங்கம்மா போனாங்க."

"இருக்கட்டுமே. ஒத்தை ஆளா இருந்தாத்தான் படிக்கிறவனுக்குப் புல்லரிக்கும்."

"அதுக்காக எங்கம்மாவைக் கடல்ல தள்ளிடுவீங்களா?"

"கத்தாதே. நாலு வருஷமா இது இங்கதான் இருக்கு. பழைய தாள்ல மெய்ப்பு பார்த்து யார் கையெழுத்துப் போட்டிருக்கான்னு பாரு."

பார்த்தாள். அவளுடையதேதான். அந்த வரியை அன்று மூன்று முறை படித்து ரசித்தது நினைவுக்கு வந்தது. வீட்டுக்குப் போய், துடுப்புப் பிடித்துக் காய்த்த கை போட்ட சோற்றைத்தான் அன்றும் தின்றிருப்பாள். அவர்மேல் இருந்த ஆத்திரத்தைவிடத் தன்மேல் வந்தது பெரிதாக இருந்தது. அதற்காக அவரை விடுவதாக இல்லை.

"அப்ப கண்ணு அவிஞ்சு கிடந்தேன். இப்ப தெரியுது." பேனாவை மூடி அவர் மேசையில் வைத்தாள். மெய்ப்பு பார்த்தவர் கையெழுத்து இல்லாமல் எந்தப் பக்கமும் அங்கே அச்சேறியதில்லை.

"மிரட்டுறியா?"

"ஆமா."

அச்சகத்திலிருந்து இரண்டு முறை தொலைபேசி வந்தது. மூன்றாவது முறை அடித்ததும் அவர் மேசையில் அறைந்தார். "என்ன எழவு வேணும் உனக்கு? ஒரு வரி தர்றேன். ஒரே வரி!"

தொலைபேசியில் அம்மாவைக் கூப்பிட்டுச் சேதியைச் சொன்னாள்; கட்டுரையில் இருந்ததையும் சொன்னாள்.

"போயிட்டாளா?" பிறகு குரல் சீறிக்கொண்டு வந்தது. "தனியாவா? அவ வாயில சர்க்கரைத் தண்ணி ஊத்தினது யாரு? பாதியில அழுதவகிட்ட, படகைத் தொட்டா நீந்தினது செல்லாது, கை வெச்சா துடுப்பாலயே அடிப்பேன்னு சொன்னது யாரு?"

"ஒரு வரிதான் தருவாங்களாம்மா."

"அப்ப துடுப்பால அடிப்பேன்னதைப் போடு."

சிவப்புப் பேனாவைத் திறந்து, பழைய வரியைத் தாள் கிழியும்படி அடித்தாள். முதலில் அம்மாவின் பெயரை எழுதினாள்.