நாற்பத்தொரு வித்தியாசங்கள்

பட்டியலின் இருபத்தேழாவது வரியில் ரதொஸ்தினா தன் பெயரையே பார்த்தாள்.

பல்கேரியாவின் ரூசே நகரசபையில் பிறப்புச் சான்றிதழ் அச்சிடும் மென்பொருள் முப்பது வருடப் பழசு. இனிமேல் பெயர்கள் லத்தீன் எழுத்திலும் வரவேண்டும் என்று உத்தரவு. புதிதாக எதையும் சேர்க்கலாம். ஆனால் பழைய முறையிலேயே கேட்கும் கிராம அலுவலகங்களுக்கு ஓர் எழுத்துக்கூட மாறாமல் பழைய விடையே போகவேண்டும். இரண்டு மாதமாக அதோடுதான் மல்லுக்கட்டினாள். எதற்கென்றே விளங்காமல் நான்கு வரிகள் நிரலின் நடுவில் கிடந்தன. யாருக்கும் பயன்படாதவை என்று எடுத்துவிட்டாள். இன்று காலை, பதிவேட்டிலிருந்த அத்தனை பேருக்கும் பழையதையும் புதியதையும் ஓடவிட்டு ஒப்பிட்டபோது, நாற்பத்தொரு சான்றிதழ்கள் மாறியிருந்தன.

அவளுடைய பழைய சான்றிதழில் தாய் ஸ்தான்கா பெனெவா. புதியதில் ஸ்லாத்கா தொன்செவா. கேள்வியே படாத பெயர். வேறு யாருடைய பதிவோ கலந்துவிட்டது என்று பிறந்த தேதியைப் பார்த்தாள். அவளுடையதுதான்.

அந்த மென்பொருளை எழுதி ஓய்வுபெற்றுப்போன கமெனுக்குப் போன் செய்தாள். தக்காளிச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அந்த நான்கு வரிகளைப் பற்றிக் கேட்டதும் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"அதையா எடுத்துட்ட? திருப்பி வச்சிடும்மா. தத்துக் கொடுத்த புள்ளைங்களுக்காக எழுதுனது. பெத்தவ பேரு வெளிய வரக் கூடாது."

"ஒரு குறிப்பாவது எழுதி வச்சிருக்கலாமே, அண்ணே."

"எழுதியிருந்தா எவனாவது போய்த் தேடுவான். எத்தன பேரு வெளிய வந்துட்டாங்க?"

"நாப்பது பேரு," என்றாள்.

போனை வைத்தாள். அப்பா சாகக் கிடந்தபோது அவள் கையைப் பிடித்து என்னவோ சொல்லத் தொடங்கியதும், அம்மா அவளைத் தண்ணீர் எடுத்துவர அனுப்பியதும் நினைவுக்கு வந்தன. திரும்பி வந்தபோது இருவரும் அழுதுகொண்டிருந்தார்கள். சாவுக்காக என்றுதான் அப்போது நினைத்தாள்.

பேனாவை எடுத்து இடது உள்ளங்கையில் அந்தப் பெயரை எழுதினாள். நான்கு வரிகளையும் இருந்த இடத்திலேயே திரும்ப எழுதினாள். மறுபடி ஓடவிட்டாள். வித்தியாசங்கள்: பூஜ்யம். தாய், ஸ்தான்கா பெனெவா.

"முடிஞ்சிருச்சாடி?" என்று பக்கத்து மேசை வியோலேத்தா எழுந்து வந்தாள். கொண்டாட வேண்டுமென்று, சுடச்சுட பனித்சா பலகாரம் இருந்த காகிதத் தட்டை இரண்டு கையாலும் பிடிக்கச் சொல்லி நீட்டினாள். ரதொஸ்தினா வலது கையை மட்டும் நீட்டினாள். தட்டு ஒரு பக்கம் சாய்ந்து, பாலாடைக்கட்டித் துணுக்குகள் விசைப்பலகைமேல் உதிர்ந்தன.