ஷமீம் பானு படுத்துத் தூங்கினாள்

துல்கர்னைன் சவூதியின் தம்மாமிலிருந்து ஒரேயடியாகத் தென்காசிக்குத் திரும்பி வந்த பத்தாம் நாள்தான், தன் மனைவி படுத்துத் தூங்குவதே இல்லை என்பது அவருக்குத் தெரிந்தது.

இருபத்திரண்டு வருஷம் அங்கே ஏசி மெக்கானிக்காக இருந்தவர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார், இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போவார். அந்த நாட்களில் ஷமீம் பானு அவர் பக்கத்தில்தான் படுப்பாள். தலை சாய்த்த ஐந்தாவது நிமிஷம் குறட்டை விடுகிற ஆள் அவர். அதற்குப் பிறகு அவள் எழுந்து, மூன்று தலையணையைச் சுவரோடு அடுக்கி, சாய்ந்து உட்கார்ந்துகொள்வது அவர் கண்ணில் படாமலே போயிற்று. இந்த முறை விடிகாலை சுபுஹ் தொழுகைக்கு எழுந்தபோது பார்த்துவிட்டார். தலை ஒரு பக்கம் தொங்க, வாய் லேசாகத் திறந்திருக்க, உட்கார்ந்தபடி உறங்கிக்கொண்டிருந்தாள். மூச்சு ஓடுகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.

கேட்டதற்கு, மல்லாந்தால் மூச்சு முட்டுகிறது, கேஸாக இருக்கும் என்றாள். அவளுடைய அம்மாவும் கடையநல்லூர் வீட்டில் கடைசிவரை சாய்ந்துதான் தூங்கினாராம். எங்கள் வீட்டுப் பெண்களின் உடம்பு வாகு அப்படி என்று சொல்லி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து அவர் கவனிக்க ஆரம்பித்தார். காலையில் பத்து மணிவரை நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டியிருந்தாள், அவ்வளவு தலைவலி. மாடிக்குத் துணி காயப்போடப் போனால் பாதிப் படியில் நின்றாள். பேச ஆரம்பித்த வாக்கியத்தை நடுவில் நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டு மிச்சத்தைச் சொன்னாள். இமைகள் எந்நேரமும் பாதி மூடியே இருந்தன. சொந்தக்காரர்கள் அவளைத் தூங்குமூஞ்சி என்று கேலி செய்வார்கள். அவரும் போனில் அப்படிக் கூப்பிட்டிருக்கிறார். வீடியோ காலில் அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் ஒருமுறை உறங்கிவிட, தன் பேச்சு அவ்வளவு சலித்துவிட்டதா என்று ஒரு வாரம் போன் பண்ணாமலும் இருந்திருக்கிறார்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிடும்போது, பிசைந்த சோறு விரலில் இருக்க, அவள் அப்படியே கண்ணயர்ந்தாள். கையைப் பிடித்து எழுப்பினால், எங்கே இருக்கிறோம் என்று புரியாமல் விழித்தாள். மறுநாளே தென்காசியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார். அந்த டாக்டர் திருநெல்வேலிக்கு நரம்பு டாக்டரிடம் அனுப்பினார். பாசஞ்சர் ரயிலில் நாலைந்து தடவை போய்வந்தார்கள். ரத்தம் வெளியூர் லேபுக்குப் போனது. ஒரு ராத்திரி உடம்பெல்லாம் ஒயர் ஒட்டி ஆஸ்பத்திரியிலேயே தூங்க வைத்தார்கள்.

முடிவெல்லாம் வந்த பிறகு அந்த நரம்பு டாக்டரம்மா இருவரையும் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். உடம்பின் செல்லுக்குள்ளே சக்தியை உண்டாக்குவது மைட்டோகாண்ட்ரியா. அது ஷமீமுக்குப் பலவீனம். கண்ணிமை தொங்குவது, சோர்வு எல்லாம் அதனால்தான். மூச்சை இழுக்கிற தசைக்கும் தெம்பு குறைவு. விழித்திருக்கும்போது எப்படியோ சமாளிக்கிறது, தூங்கினால் அயர்ந்துவிடுகிறது. வெளியே போக வேண்டிய கெட்ட காற்று ரத்தத்திலேயே தங்குகிறது. காலைத் தலைவலி அதுதான். நோயைக் குணமாக்க இன்றைக்கு மருந்து இல்லை. ஆனால் தூங்கும்போது மூச்சுக்குத் துணை கொடுக்கலாம்.

வீட்டில் ஒரு ஆக்சிஜன் சிலிண்டர் வாங்கி வைக்கட்டுமா என்று துல்கர்னைன் கேட்டார். கூடாது என்றார் டாக்டரம்மா. ஆக்சிஜனை மட்டும் கொடுத்தால் கெட்ட காற்று இன்னும் சேரலாம், உள்ளே தள்ளவும் வெளியே விடவும் உதவுகிற பைபேப் மெஷின்தான் வேண்டும். அது அவருக்குச் சட்டென்று புரிந்தது. காற்றைத் தள்ளுவதும் இழுப்பதும்தானே அவர் பிழைப்பு.

மெஷின் வந்தது. முதல் ராத்திரி ஷமீம் மாஸ்க்கைப் போட்ட மூன்றாம் நிமிஷம் பிய்த்து எறிந்தாள். இரண்டாம் ராத்திரியும் அப்படியே. மூன்றாம் நாள், போடவே மாட்டேன் என்று மூலையில் வைத்துத் துண்டைப் போட்டு மூடிவிட்டாள்.

"தண்ணிக்குள்ள தலையைப் பிடிச்சு அமுக்குன மாதிரி இருக்கு மச்சான்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, அவரைப் பார்க்காமல், "இத்தனை வருஷம் கழிச்சு நீங்க வீட்டோட வந்திருக்கிய. மூஞ்சியில இதை மாட்டிக்கிட்டு உங்க பக்கத்துல படுக்கவா?" என்றாள்.

மறுநாள் காலை அவர் துண்டை எடுத்துவிட்டு, அளவு பார்க்க என்று கூடுதலாகக் கொடுத்திருந்த மாஸ்க்கைத் தன் முகத்தில் மாட்டி, மெஷினை ஓடவிட்டுக் கட்டிலில் படுத்தார். பத்து நிமிஷத்தில் வியர்த்துவிட்டது. அவர் மூச்சை விட்டு முடிக்கும் முன்னே அது அடுத்த காற்றைத் தள்ளியது. எழுந்து வந்து அவளிடம், "நீ சொன்னது சரிதான், பயமாத்தான் இருக்கு" என்றார். அவள் சிரித்தாள். அவர் முகத்தில் மாஸ்க்கின் வார் பதிந்து கோடு விழுந்திருந்தது.

அவர் டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணினார். டாக்டரம்மா சொன்னபடி டெக்னீஷியன் வந்து காற்றின் வேகத்தைக் குறைத்து, அவள் மூச்சுக்குத் தோதாக மாற்றிக்கொடுத்தார். மாஸ்க்கிலிருந்து கண்ணுக்குள் காற்றடிக்கிறது என்று அவள் சொன்னதற்குத் துல்கர்னைன் தன் தொழில்முறையில் ஒரு டிஷ்யூ பேப்பரைக் கிழித்து, முகத்தைச் சுற்றி மெல்ல நகர்த்திப் பார்த்தார். மூக்குத்தண்டின் இடப்பக்கம் பேப்பர் ஆடியது. அதற்காகச் சின்ன அளவு மாஸ்க் மாற்றி வந்தது. ராத்திரி வேண்டாம், பகலில் விழித்துக்கொண்டே பழகட்டும் என்று டாக்டரம்மா யோசனை சொன்னார். அவள் டிவி முன்னால் உட்கார்ந்து, மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு உள்ளி உரித்தாள். ஒரு நாள் பத்து நிமிஷம், ஒரு நாள் இருபது. சில நாள் ஒன்றுமே இல்லை.

அப்படி ஒரு சனிக்கிழமை, பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் மகள் சஃப்ரின் சொல்லாமல் வந்து நின்றாள். ஷமீம் பதறி மாஸ்க்கைக் கழற்றி முந்தானைக்குள் ஒளித்தாள். மகளிடம் அதுவரை வெறும் சோர்வு என்றுதான் சொல்லியிருந்தாள். காரணம் உண்டு. இந்த நோய் தாய்வழியாகப் பிள்ளைக்குப் போகக்கூடும், மகள் விரும்பினால் அவளும் பார்த்துக்கொள்ளட்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

இனி மறைக்க முடியாது. துல்கர்னைனே எல்லாவற்றையும் சொன்னார். ஷமீம் அழுதாள். "எங்கம்மாகிட்டருந்து எனக்கு வந்துச்சு. நான் உனக்குக் கொடுத்துட்டேனோ என்னமோ" என்றாள்.

சஃப்ரின் அம்மாவின் முந்தானைக்குள் கைவிட்டு மாஸ்க்கை எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பரீட்சை முடியட்டும்மா, ரத்தம் கொடுக்கேன். இல்லைன்னா நல்லது. இருக்குன்னு வந்தா, என்னைக்காவது இது எனக்கும் வேண்டியிருக்கும். அப்ப நீங்க போட்டு நல்லாத் தூங்குறதைப் பாத்திருந்தாத்தான் எனக்குப் பயம் இருக்காது."

ஷமீம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாரைப் பின்னந்தலையில் மாட்டச் சொல்லிக் குனிந்தாள். மகள் மாட்டிவிட்டாள். இருவரும் பாயை விரித்து ஒருக்களித்துப் படுத்தார்கள். வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. துல்கர்னைன் வாசல்பக்கம் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். மெஷின் ஏறி இறங்கும் சத்தம் சீராக வந்தது. எட்டிப் பார்த்தால் மகள் விழித்திருந்தாள், உதட்டில் விரல் வைத்தாள். தாய் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் அசர் பாங்கு சொல்லும்வரை தூங்கினாள்.

அதற்குப் பிறகு எல்லாம் நேராகிவிட்டது என்று சொல்ல முடியாது. சளி பிடித்த வாரம் மாஸ்க்கே போட முடியவில்லை. கரண்ட் போகும் ஊர் என்பதால் அவர் இன்வெர்ட்டர் வைத்தார். மூக்கில் புண் விழுந்து ஆறியது. ஆனால் ராத்திரி மாஸ்க்கோடு தூங்குவது நான்கு மணி நேரம் ஆயிற்று, பிறகு ஆறு. ஒரு காலையில் அவள் சுபுஹைத் தவறவிட்டு ஏழு மணிக்கு எழுந்தாள். எழுப்பாமல் விட்டதற்கு அவரைக் கோபித்தாள். கோபித்துக்கொண்டே நெற்றியைத் தடவிப் பார்த்தாள். தலைவலி இல்லை.

ஜூலைக் கடைசியில் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் ஏசி வேலை இருந்தது. அவளையும் ஆட்டோவில் கூட்டிப்போனார். அருவிக்கூட்டத்தில் நிற்க அவளுக்குத் தெம்பு போதாது. அதனால் வேலை முடிந்ததும் ஆட்டோவை மரத்தடியில் நிறுத்தி, ரம்புட்டான் வாங்கி, சாரலைப் பார்த்தபடி உரித்துத் தின்றார்கள். போன் பண்ணாமல் இருந்த அந்த ஒரு வாரத்துக்காக அவர் மன்னிப்புக் கேட்டார். அவளுக்கு அது ஞாபகமே இல்லை. அவர் இல்லாத வருஷங்களில் கூரை ஒழுகியது, சஃப்ரின் முதல் நாள் பள்ளிக்கூடத்துக்குப் போக மாட்டேன் என்று நின்றது, பக்கத்து வீட்டுப் பூனை பீரோவுக்குள் மூன்று குட்டி போட்டது என்று ஏதேதோ சொல்லிக்கொண்டே வந்தாள். திரும்பும் வழியில் மேலகரம் தாண்டியும் பேச்சு ஓயவில்லை.

அன்று ராத்திரி அவர் மாஸ்க்கை மாட்டிவிட்டு விளக்கை அணைத்துப் படுத்த பிறகு, அவள் அவர் தோளைத் தட்டினாள். மாஸ்க்கை ஒரு கையால் தூக்கிப் பிடித்ததில் காற்று உஸ்ஸென்று பீறிட்டது.

"அந்தப் பூனை மூணு குட்டி போட்டுச்சுன்னு சொன்னேன்லா? மூணு இல்ல மச்சான், நாலு."

"காலையில சொல்லக் கூடாதா?"

"மறந்துருவேன்" என்று சொல்லி, மாஸ்க்கைச் சரியாகப் பொருத்திக்கொண்டு அவர் பக்கமாகத் திரும்பிப் படுத்தாள்.