கோட்லின் வேண்டாம் என்று இருந்தேன்

என் பெயர் சந்தனமாரி, வயது நாற்பத்தொன்று. தென்காசியில் ஒரு மாடி அறையில் நாலே பேர் உள்ள கம்பெனியில் ஆப் எழுதுகிறேன். இதுவரை நாலு கணினி மொழி படித்தாயிற்று. முதல் மூன்றை இன்று யாரும் சீந்துவதில்லை. அதனால் ஐந்தாவது ஒன்றை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை என்று இருந்தேன்.

நாலாவதைக் குறை சொல்ல முடியாது. ஒரு தடவை எழுதினால் ஆண்ட்ராய்டிலும் ஓடும், ஐபோனிலும் ஓடும். அதில்தான் பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டுக்கு முறை சொல்லும் ஆப் எழுதிக் கொடுத்தேன். லோடு ஏற்ற வரும் டெம்போக்காரர்கள் பேரைப் பதிந்துவிட்டு வண்டியிலேயே படுத்துக்கொள்ளலாம். முறை வந்தால் போன் அதிரும். மூன்று நிமிடத்துக்குள் வண்டியை எடுக்காவிட்டால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டியதுதான்.

ஜூன் மாதம் ஆப் ஓடத் தொடங்கியது. பதினைந்தாம் நாள் முதலாளி பெலிக்ஸ் அண்ணன் என் மேஜைக்கு வந்து நின்றார்.

"மாரி, வெல கம்மியான போன்ல ஸ்கிரீன் கொஞ்ச நேரம் அணைஞ்சு கெடந்தா, சார்ஜை மிச்சம் பிடிக்கேன்னு போனே நம்ம ஆப்பை நிறுத்திருது. பிச்சையான்னு ஒரு டிரைவர் ரெண்டு தடவ முறைய விட்டுட்டாராம்."

"செட்டிங்ஸ்ல மாத்தச் சொல்லுங்க."

"மாத்தியும் பாத்தாச்சு. அந்தப் பகுதிய மட்டும் ஆண்ட்ராய்டோட சொந்த மொழியில, கோட்லின்ல எழுதணும். நீ படிச்சா ஒரு மாசம் ஆகும். இல்லன்னா மதுரையில ஆள் பாக்கேன்."

"ஆளே பாருங்க" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன்.

உண்மையைச் சொன்னால், பயம். நாலாவதைப் படித்தபோது கூடப் படித்தவர்களுக்கெல்லாம் இருபத்திரண்டு வயது. அவர்கள் ஒரு வாரத்தில் முடித்ததை நான் இரண்டு மாதம் உருட்டினேன். அந்த அவமானம் இன்னும் ஆறவில்லை.

மதுரையிலும் ஆள் அகப்படவில்லை. ஆனால் அதற்குப் பிறகு இரண்டு வாரம் ஒரு புகாரும் வரவில்லை. எழுதிய ஆப் எதுவும் தானாகச் சரியாகாது என்று இத்தனை வருடத்தில் தெரியாதா எனக்கு? தெரிந்துகொண்டே சந்தோஷப்பட்டேன். மனசு கேட்காமல் ஒரு வெள்ளிக்கிழமை காலை, குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு திரும்புகிறவர்கள் நெரிந்த பஸ்ஸில் நின்றுகொண்டே பாவூர்சத்திரம் போனேன்.

பிச்சையாவுக்கு ஐம்பது வயதிருக்கும். காதில் மிஷின் மாட்டியிருந்தார். மற்ற டிரைவர்கள் ஆளுக்கொரு பக்கம் குறட்டை விட, இவர் மட்டும் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை போன் பட்டனை அமுக்கி, ஆப் ஓடுகிறதா என்று பார்த்து, மறுபடி அணைத்தார். கண்கள் இரண்டும் சிவந்து கிடந்தன.

நான் இன்னாரென்று சொன்னதும் மரியாதையாக இறங்கப் பார்த்தார்.

"இருங்க அண்ணாச்சி. நீங்க படுக்கலையா?"

"படுத்தா இது நின்னுரும்லா, தாயி. ஸ்கிரீன அணைக்காம வச்சாலும் ரெண்டு மணி நேரத்துல சார்ஜ் போயிருது. இப்பிடி அமுக்கிக்கிட்டே இருந்தா நல்லா வேல செய்யுது. இந்த ரெண்டு வாரமா ஒரு முறையும் விடல."

"மத்தவங்க தூங்குதாங்களே?"

"அவங்க போன் நின்னுட்டாலும், பேரு வந்தா பக்கத்து வண்டிக்காரன் தன் போன்ல பாத்து, இருந்த எடத்துலேருந்தே சத்தம் போட்டு எழுப்பிருவான். நான் மிஷினக் கழட்டிட்டா வெடி வெடிச்சாலும் கேக்காது. போன் நெஞ்சுல அதிர்ந்தாதான் உண்டு."

"அப்ப எப்பதான் தூங்குதீங்க?"

"ராத்திரி பூரா புனலூர் ஓட்டம். இங்கன காத்துக் கெடக்க மூணு மணி நேரந்தான் சேந்தாப்புல தூங்குவேன். அது இப்ப இல்ல." சொல்லிவிட்டுச் சிரித்தார். "முந்தாநாள் ஆரியங்காவு மலை வளைவுல கண்ணு சொருகிட்டு. எதுத்தாப்புல வந்த லாரி வெளிச்சத்துல முழிச்சேன். ஆப்புல ஒரு குத்தமும் இல்ல தாயி. எனக்குத்தான் வயசாவுது."

இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள் முன்னால் வெட்கப்பட்டதற்காக நான் இந்த மனுஷனின் தூக்கத்தைப் பறித்து வைத்திருக்கிறேன். அவரோ பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டு என் ஆப்பைப் பாராட்டுகிறார்.

"போனக் கொடுங்க அண்ணாச்சி. நான் பாத்துக்கிடுதேன். நீங்க படுங்க."

"நீங்க போயி இந்த வேலைய..."

"படுங்கன்னா படுங்க."

மிஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சாய்ந்தவர், சாய்ந்த மாத்திரத்தில் தூங்கிப்போனார். நான் ஒரு காலி தக்காளிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். இடது கையில் அவர் போன், இரண்டு நிமிடத்துக்கு ஒரு அமுக்கு. வலது கையில் என் போன், அதில் கோட்லின் முதல் பாடம். முதல் பக்கம் புரியவில்லை. மறுபடி படித்தேன். மூன்றாம் தடவையில் பாதி புரிந்தது.

பதினொன்றரைக்கு இடது கை அதிர்ந்தது. தோளைப் பிடித்து உலுக்கினேன். பதறி எழுந்தார்.

"விட்டுட்டனா?"

அவருக்குக் கேட்காது என்பதால் இல்லையென்று தலையை ஆட்டி, திரையைக் காட்டினேன். மிஷினை மாட்டிக்கொண்டே வண்டியை எடுத்தார்.

பெலிக்ஸ் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"மதுரையில இனி ஆள் தேட வேண்டாம். நானே படிக்கேன்."

"ஒரு மாசம் ஆகும்லா?"

"எனக்கு ரெண்டு மாசம் ஆகும். அதுவரைக்கும் காலையில ஆபீஸ்ல என்னத் தேடாதீங்க. இங்கன பிச்சையா அண்ணாச்சி வண்டிகிட்ட உக்காந்துதான் படிப்பேன்."