முறை வைக்காத வேலை

விடியும்போதே கனகலிங்கம் சண்டிலிப்பாய்த் தோட்டத்துக்கு வந்து மோட்டரைப் போட்டார். நான்கு வீட்டாரின் பங்குக் கிணறு அது. மோட்டரும் நால்வருக்கும் பொது. இன்று அவருடைய முறை. வெங்காயம் பருக்கிற நேரம். இந்தத் தண்ணீர் தவறினால் பட்ட பாடெல்லாம் வீண்.

சற்று நேரத்தில் மோட்டர் நின்றது. மோட்டர்க் கொட்டில் சுவரிலிருந்த பெட்டிக்குள் ரிலே மின்சாரத்தை வெட்டியிருந்தது. மோட்டர் பாரம் தாங்காமல் எரிந்துபோகாதிருக்க வைத்த சாமான் அது. மாதம் ஒருமுறை தூசு தட்டி, திருகாணிகளை இறுக்கி, சரியாக வெட்டுகிறதா என்று பார்க்க வேண்டும் என்று மோட்டர் பூட்டிய சுன்னாகத்து வின்சன்ற் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அதற்கு அரை நாள் மோட்டரை நிறுத்த வேண்டும். யாருடைய முறையில் நிறுத்துவது? கிணற்றுப் பங்குக்காரரில் ஒருவரான நமசிவாயம் கனகலிங்கத்தைக் கைகாட்டுவார். கனகலிங்கம் மற்றவர்களைக் கைகாட்டுவார். பொதுச் சாமான் என்றால் நம்மவர்களுக்கு ஆளில்லாச் சாமான்தானே! பெட்டியைத் திறந்து பார்க்காமலே வருசங்கள் போய்விட்டன.

போடுவதும் அது நிற்பதுமாகக் கனகலிங்கத்துக்கு அலுத்துவிட்டது. ஒரு மரச் சிராயை எடுத்து, ரிலே அசையாதபடி செருகிவிட்டார். போன முறை நமசிவாயமும் இதைத்தான் செய்தார் என்பது அவருக்குத் தெரியும். அன்று ஒன்றும் நடக்கவில்லையே என்று மனதைத் தேற்றிக்கொண்டு மோட்டரைத் திரும்பப் போட்டுவிட்டு, பாத்திக்குப் பாத்தி தண்ணீரைத் திருப்பிவிடப் போனார்.

கொட்டிலிலிருந்து புகை கிளம்பியதைக் கண்டு ஓடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மோட்டரின் கம்பிச் சுற்றுக் கருகி நாறியது.

சுன்னாகத்தில் கம்பி சுற்றி மோட்டர் திரும்பி வருவதற்குள் நான்கு தோட்டத்திலும் வெங்காயம் காய்ந்து சுண்டிப்போயிற்று.  கனகலிங்கம் யாரோடு சண்டை பிடிப்பது? சிராய் செருகிய கை தன்னுடையதுதானே.

மோட்டரைப் பூட்டி முடித்த வின்சன்ற், ரிலேயைப் பார்க்க இனி எப்போது வரலாம் என்று நால்வரையும் கேட்டார். 

"கனகலிங்கம் அண்ணையின்ரை முறையிலை வாங்கோவன்" என்றார் நமசிவாயம் மெல்ல.

கனகலிங்கத்துக்குக் கோபப்படவும் தெம்பிருக்கவில்லை.

"ஓம், என்ரை முறையிலையே வாங்கோ. அடுத்த மாசம் நமசிவாயத்தின்ரை முறையிலை, பிறகு மற்றவையின்ரை முறையிலை. தண்ணி எடுக்க மட்டும் முறை வைச்சம், பராமரிக்க முறை வைக்கேல்லை. பொதுச் சாமானை ஒவ்வொருத்தரும் தன்ரை சாமானாய்ப் பாக்காட்டி, கடைசியிலை எல்லாரின்ரை தோட்டமும்தான் காயும்."