க்ளெண்டாவின் மருந்தும் என் ஃப்ரிட்ஜும்

பக்கத்து வீட்டு க்ளெண்டாவின் உயிரை மூன்று மாதம் என் ஃப்ரிட்ஜில் வைத்திருந்தேன். அதை நான் பார்த்துக்கொண்ட லட்சணத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2018 டிசம்பரின் கடைசி ஞாயிறு. தன் கணவர் டெரிக் பப்புக்குக் குடிக்கப் போன நேரம் பார்த்து, க்ளெண்டா பின்வாசல் வழியாக வந்தார். மார்போடு ஒரு துணிப்பையை அணைத்திருந்தார்.

"கண்ணு, உன் ஃப்ரிட்ஜ்ல இடம் இருக்கா?"

"இடம்தான் இருக்கு க்ளெண்டா. சாமான்தான் இல்ல."

திறந்து காட்டினேன். அரை பாட்டில் பால், நாலு முட்டை, ஒரு எலுமிச்சை ஊறுகாய். அவர் சிரித்துவிட்டுப் பையிலிருந்து நான்கு பெட்டிகளை எடுத்து அடுக்கினார். இன்சுலின் பேனாக்கள். பெட்டிக்கு ஐந்து.

"பதினோரு வயசுலருந்து போடறேன். நாப்பத்தேழு வருஷம் ஆச்சு. ஒருநாள் போடலன்னா நான் இல்ல. இதெல்லாம் கடல் தாண்டித்தான் வருது, தெரியுமா உனக்கு? மார்ச் இருபத்தொம்பதுக்கு அப்புறம் லாரிங்க அங்கயே நின்னுடுச்சுன்னா?"

அந்தத் தேதியை அப்போது இங்கிலாந்தில், எங்கள் துறைமுக ஊரான கிரிம்ஸ்பியில், சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்லும். அன்று இரவு பதினோரு மணிக்கு நாடு ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியே வரவேண்டும். என்ன ஒப்பந்தத்தோடு வரும் என்று யாருக்கும் தெரியாது. ஒப்பந்தமே இல்லாமலும் வரலாம் என்று டிவியில் தினமும் பயமுறுத்தினார்கள். யாரும் மருந்தைப் பதுக்காதீர்கள் என்று அரசாங்கமும் சொன்னது. க்ளெண்டா பதுக்கவில்லையாம். நாலு வாரத்துக்கு ஒருமுறை வாங்குவதை ஒரு வருஷமாக மூன்று வாரத்துக்கு ஒருமுறை வாங்குகிறார், அவ்வளவுதானாம்.

"உங்க ஃப்ரிட்ஜ்ல வெச்சா என்ன?" என்றேன்.

"அந்த மனுஷன் பார்ப்பாரே! வெண்ணெய்க்குப் பின்னால ஒரு பெட்டி இருந்ததுக்கே ரெண்டு நாள் கேலி. 'டைட்டானிக்ல ஏறப்போறியா?'ங்கறார். நான் சும்மா இருந்துட்டேன்."

டெரிக்கின் அப்பா டிராலர் படகில் மீன் பிடித்தவர். ஐஸ்லாந்துக்காரர்கள் வெளிநாட்டுப் படகுகள் வராதபடி தங்கள் கடலைப் பூட்டிக்கொண்ட பிறகு வேலை போய், கரையிலேயே உட்கார்ந்து செத்தார். டெரிக் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். வெளியேற வேண்டும் என்று ஓட்டுப் போட்டவர். தெருவில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். எனக்கு அவரைப் பிடிக்கும். நான் குடி வந்த அன்றே, "செல்வினா? எங்க சித்தப்பா பேரு. நீ எங்கடா திருடின?" என்று கேட்டுவிட்டு, என் கட்டிலின் ஒரு பக்கத்தைத் தூக்கி மாடிக்கு ஏற்றியவர்.

எனக்கு வேலை துறைமுகத்துக் குளிர்கிடங்கில். பதினோரு வருஷம். ஜனவரி பிறந்ததும் அங்கே பைத்தியம் பிடித்தது. பட்டாணி, கோழி, மீன், உருளைச் சிப்ஸ் என்று ஆளாளுக்குக் கொண்டுவந்து கொட்டினார்கள். கூரை முட்ட அடுக்கினோம். எங்கள் மேலாளர் போனை எடுத்து "இடமில்ல" என்று சொல்வதைத் தவிர வேறு வேலை செய்யவில்லை.

டெரிக் வேலிக்கு மேலே தலையை நீட்டுவார். "என்ன செல்வின், இன்னிக்கு எத்தனை டன் பட்டாணி? யுத்தத்துல குண்டு விழுந்தப்பவே எங்கம்மா நாலு உருளைக்கிழங்க வெச்சு ஒரு வாரம் ஓட்டினா. இவனுங்க சாலட் இலை இல்லாம செத்துடுவானுங்களாம்!"

"பயந்தவங்க வாங்கி வைக்கறாங்க, டெரிக்."

"பயந்தாங்கொள்ளிப் பசங்க. க்ளெண்டாவைப் பாரு, வாயே திறக்கறதில்ல. அதான் எங்க ஊர்க்காரி."

நான் தலையாட்டினேன்.

க்ளெண்டாவிடம் என் வீட்டுச் சாவி ஒன்று இருந்தது. புது மருந்து வாங்கும்போதெல்லாம் வருவார். புதியதைப் பின்னால் வைத்து, பழையதை முன்னாலிருந்து எடுத்துப் போவார். கிடங்கில் நாங்களும் அப்படித்தான் செய்வோம். அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருக்கும். ஆள் வராத வீட்டில் ஒருவர் ஃப்ரிட்ஜ் திறக்கும் சத்தம் கேட்பதும் சந்தோஷம்தான். பிப்ரவரியில் ஆறு பெட்டி ஆகியிருந்தது.

அந்தப் பிப்ரவரி கடைசியில் யாரும் எதிர்பாராத வெயில் அடித்தது. ஜனங்கள் சட்டையைக் கழற்றிவிட்டுக் கடற்கரையில் படுத்தார்கள். வேலை முடிந்து வந்து டீ போட்டால் ஃப்ரிட்ஜில் இருந்த பால் திரிந்து போயிருந்தது. பால் கெட்டால் மருந்து?

எங்கள் கிடங்கில் ஒரே ஒரு பாவம்தான் உண்டு. குளிர் குறையக் கூடாது. ஒரு டிகிரி குறைந்தால் சீட்டு கிழியும். கூடினால் ஒருவனும் கேட்கமாட்டான். பதினோரு வருஷம் அதையே செய்த கை, ஃப்ரிட்ஜுக்குள் போய்க் குளிரைக் கூட்டும் திருகை இரண்டிலிருந்து ஏழுக்குத் திருப்பியது. ஏழுதான் கடைசி எண்.

இரண்டு வாரம் கழித்து ஒரு முட்டை ஓடு வெடித்து, உள்ளே கல்லாக இருந்தது. நான் அதைக் கையில் வைத்துப் பார்த்து, பரவாயில்லை, நன்றாகத்தான் வேலை செய்கிறது என்று நினைத்தேன். இதை எழுதும்போதும் என் காது சூடாகிறது.

மார்ச் பதினேழு ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை இருந்தது. க்ளெண்டா வந்து எடுத்துப் போயிருந்தார். ஒரு பெட்டி குறைந்திருந்தது.

புதன்கிழமை காலையில் டெரிக் என் கதவை உடைக்கிற மாதிரி தட்டினார். பனியனோடு நின்றார்.

"வாடா, வா, அவ மூச்சு விடறது சரியில்ல."

ஓடினேன். க்ளெண்டா சோபாவில் சாய்ந்திருந்தார். ஓடி வந்தவர்போல ஆழமாக மூச்சு வாங்கினார். கண் திறந்திருந்தும் எங்களைப் பார்க்கவில்லை. அறை முழுக்க ஒரு வாசனை, நகப்பூச்சும் அழுகின பழமும் கலந்த மாதிரி.

"திங்கக்கிழமையிலருந்து தண்ணி தண்ணியா குடிச்சா. வாந்தி வேற. வயித்துக் கோளாறுன்னா. நானும் நம்பிட்டேன்" என்றார் டெரிக். அதையே மூன்று தடவை சொன்னார்.

ஆம்புலன்ஸில் ஒரு பெண் வந்தாள். விரலைக் குத்திச் சர்க்கரை அளவு பார்த்தாள். மீட்டரில் எண்ணே வரவில்லை, அளவுக்கு மேல் என்று மட்டும் காட்டியது.

"இன்சுலின் எப்போ நிறுத்தினாங்க?"

"நிறுத்தறதா? என் கண்ணு முன்னாடி போட்டா! வேளா வேளைக்கு. நேத்து கூடுதலாவே போட்டா!"

அவள் மேசையிலிருந்த பேனாவை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கவேண்டிய மருந்து. உள்ளே தவிட்டுத் தூள் மாதிரி என்னமோ மிதந்தது.

"இதை எங்க வெச்சிருந்தீங்க? இது உறைஞ்சு உருகினது. இதுல மருந்தே இல்ல. தண்ணியத்தான் குத்திக்கிட்டு இருந்திருக்காங்க."

"எங்க ஃப்ரிட்ஜ்லதான். கதவுல. எப்பவும் அங்கதானே வைப்பா..." டெரிக் என்னைப் பார்த்தார், நான் ஆமாம் சொல்வேன் என்பதுபோல.

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர்கள் போனதும் என் வீட்டுக்கு வந்து ஃப்ரிட்ஜைத் திறந்தேன். ஐந்து பெட்டி. பின்தட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தவற்றைப் பிய்த்து எடுத்தேன். பேனாவைக் குலுக்கினால் சத்தமில்லை. பெட்டிக்குள் மடித்த தாள் ஒன்று இருந்தது. மூன்று மாதமாக என் வீட்டிலேயே இருந்த தாள். விரித்துப் படித்தேன். உறைய விடாதீர்கள். உறைந்ததைப் பயன்படுத்தாதீர்கள். அவ்வளவுதான் போட்டிருந்தது.

அன்று மார்ச் இருபது. நாடு இன்னும் எதை விட்டும் வெளியே வந்திருக்கவில்லை. ஒரு லாரியும் நிற்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்தில் ஒரு கப்பல் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தது.

இரண்டு நாள் க்ளெண்டாவுக்குச் சுயநினைவு வரவில்லை. வியாழக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த டெரிக் நேராகச் சமையலறைக்குப் போனார். தட்டுமுட்டு உடைவதுபோலச் சத்தம் கேட்டுப் போனேன். அவருடைய ஃப்ரிட்ஜைச் சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டிருந்தார். உள்ளே இருந்ததெல்லாம் குப்பைப் பையில் கிடந்தது. பால், வெண்ணெய், பிரிக்காத ஒரு மருந்துப் பெட்டி.

"இந்தச் சனியன்தான். இது என் பொண்டாட்டியக் கொல்லப் பார்த்துச்சு. புடி அந்தப் பக்கம்."

நான் பிடித்தேன். இரண்டு பேரும் தூக்கிக் கொல்லைப்புறத்தில் போட்டோம். அவர் அதை நாலு உதை உதைத்தார், பிறகு அதன்மேலேயே கவிழ்ந்து அழுதார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"மருந்துக் கடைல இருந்துதான் வர்றேன்" என்றார் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "கேட்ட உடனே அலமாரிலருந்து எடுத்துக் குடுத்தான். எவ்வளவு வேணும்னான். கொட்டிக் கிடக்கு செல்வின், கொட்டிக் கிடக்கு. அவளுக்கு மட்டும் ஏன் கெட்டது வந்துச்சு?"

வாயை மூடிக்கொண்டேன்.

மார்ச் இருபத்தொன்பது வெள்ளிக்கிழமை. அதே தேதி. க்ளெண்டாவைச் சாதாரண வார்டுக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள். மதியம் போனேன். முகம் சுருங்கி, ஒரே வாரத்தில் பத்து வயசு கூடியிருந்தார். சுவரில் டிவி ஓடியது. நாடாளுமன்றத்தில் ஒப்பந்தம் மூன்றாவது தடவையாகத் தோற்றுவிட்டதாம். இன்று வெளியேறவில்லை, புதுக்கெடு ஏப்ரல் பன்னிரண்டு என்று ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார்.

"பாரு கண்ணு, இன்னிக்கு இல்லையாம்" என்றார். சிரிக்க முயன்றார். "டெரிக் டீ வாங்கப் போயிருக்கார். உக்காரு."

உட்காரவில்லை. நின்றுகொண்டே சொல்லிவிட்டேன். வெயில், பால், திருகு, முட்டை, எல்லாம். கடைசியில், "நான்தான் உங்களை இப்படிப் பண்ணேன்" என்றேன்.

க்ளெண்டா போர்வையை இழுத்து நேராக்கினார்.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"உறைஞ்சிருந்தது. ஞாயித்துக்கிழமை எடுத்தப்பவே பனி ஒட்டிக்கிட்டு இருந்துச்சே. நாப்பத்தேழு வருஷம் போடறவளுக்குத் தெரியாதா? புதுப் பெட்டிய உன்கிட்ட வைக்காம திருப்பி எடுத்துட்டுப் போயிட்டேன்."

எனக்குப் புரியவில்லை. "அப்ப வீட்டுல நல்லது இருந்துச்சா?"

"ஒரு பெட்டி இருந்துச்சு."

"அப்புறம் ஏன் இதைப் போட்டீங்க?"

"முப்பது பேனா, செல்வின். ஒரு வருஷமா சேர்த்தது. பன்னெண்டு நாள்ல கதவைச் சாத்தப் போறாங்க, அப்பப் போய் குப்பைல போடச் சொல்றியா? பாதியாவது வேலை செய்யும், கொஞ்சம் கூடப் போட்டுச் சமாளிக்கலாம்னு பார்த்தேன். இதை முதல்ல தீர்த்துட்டு, நல்லதை இருபத்தொம்பதுக்கு அப்புறம் வெச்சுக்கலாம்னு." நிறுத்தி மூச்சு வாங்கினார். "செவ்வாக்கிழமை நாளைக்கு மாத்திக்கலாம்னு நினைச்சேன். புதன்கிழமை நினைக்கறதுக்குத் தலையே இல்ல."

நான் செய்தது தெரியாமல் செய்த தப்பு. இவர் தெரிந்தே, கணக்குப் போட்டு, தன் வயிற்றில் தானே தண்ணீரைக் குத்தியிருக்கிறார். அந்த நல்ல பெட்டியைத்தான் டெரிக் குப்பையில் போட்டார், நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அதை எப்படிச் சொல்வது என்று திரும்பினேன்.

கட்டிலுக்குப் பக்கத்துத் திரையருகில் டெரிக் நின்றிருந்தார். இரண்டு கையிலும் டீ. எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. முகத்தைப் பார்த்ததும், எல்லாம் கேட்டுவிட்டார் என்று தெரிந்தது.

என்னைத்தான் முதலில் அடிப்பார் என்று நினைத்தேன். அவர் என் பக்கம் பார்க்கவேயில்லை.

"ஒரு வருஷமா?" என்றார்.

க்ளெண்டா டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஒரு வருஷமா பக்கத்துல படுத்துக்கிட்டு, என்கிட்டருந்து ஒளிச்சியா? இவன் வீட்ல கொண்டுபோய் வெச்சியா?"

"நீ சிரிப்ப, டெரிக்."

"சிரிச்சா என்னடி? நான் எதுக்குத்தான் சிரிக்கல? சிரிச்சா மூஞ்சில ஒரு குத்து விடவேண்டியதுதானே!" வார்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குரலைத் தணித்தார். "நீ எதுக்குப் பயந்த? சொல்லு. லாரி வராதுன்னு பயந்தியா, நான் சிரிப்பேன்னு பயந்தியா?"

"ரெண்டுக்கும்தான்."

"எதுக்கு அதிகமா?"

க்ளெண்டா அவரை நேராகப் பார்த்துச் சொன்னார்.

"லாரி வரலன்னா ஹெலிகாப்டர்லயாவது யாராவது கொண்டு வந்திருப்பாங்க, டெரிக்."

டெரிக்கின் கையிலிருந்த டீ தளும்பிச் சூடாக விரல்களில் வழிந்தது. அவர் கையை உதறவில்லை.