பூரணியின் வயிற்றுப் பலம்

சண்டைக் காலத்தில் ஒருவர் முதுகெலும்பு முறிந்து படுத்துவிட்டார் என்றால், ஷெல்லா கண்ணிவெடியா என்றுதான் சனம் கேட்கும். லிங்கநகர் சோமசேகரம் விழுந்தது முருங்கை மரத்திலிருந்து. முருங்கையில் ஏறக்கூடாது என்று நடை பழகும் பிள்ளைக்கும் தெரியும். துறைமுகத்தில் அத்தனை வருஷம் கிளாக்கராக இருந்த மனிதருக்கு அது தெரியவில்லை. நாலு காய்க்கு ஆசைப்பட்டு ஏறினார், கொப்போடு சேர்ந்து இறங்கினார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி அன்றோடு போயிற்று. ஆராவது சுகம் விசாரிக்க வந்தால் வெட்கத்தில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார்.

பிள்ளைகள் இல்லை. அவரைப் பார்க்க இருந்தவள் மனைவி பூரணி ஒருத்திதான். அவள் நல்ல பருமன். அதற்கு ஒரு காரணம் இருந்தது. தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் ஊரே ஓடியபோது, வடித்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு ஓடி, காட்டிலும் முகாமிலும் பட்டினி கிடந்தவள் அவள். அதற்குப் பிறகு எங்கே வெடிச்சத்தம் கேட்டாலும், மற்றவர்கள் அடையாள அட்டையையும் காணி உறுதியையும் தேடும் நேரத்தில் பூரணி பானையைத் திறப்பாள். ஓடுவதென்றால் வயிறு நிறைந்திருக்க வேண்டும் என்பது அவள் கட்சி. திருகோணமலையில் வெடிச்சத்தத்துக்கு என்ன பஞ்சம்? கிழமைக்கு நாலு தரம் ஓட ஆயத்தமாகி, ஓடாமலே இருந்து இருந்து உடம்பு வைத்தது.

படுக்கையிலேயே கிடந்தால் முதுகில் புண் வரும், தினமும் தூக்கிச் சக்கரம் வைத்த சில்லுக்கதிரையில் இருத்த வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். பூரணி முதல் நாளே இழுத்துத் தூக்கப் பார்த்தாள். அவர் அசையவில்லை, அவளுடைய இடுப்புத்தான் பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் ஒரே அறையில் ஆளுக்கொரு பக்கம் முனகிக்கொண்டு கிடந்தார்கள். அந்த முனகலைக் கேட்கச் சோமசேகரத்துக்குப் பொறுக்கவில்லை. அவள் காதில் விழாமல் பக்கத்து வீட்டுத் தவராசாவைக் கூப்பிட்டு, கொழும்பிலிருக்கும் தன் அண்ணன் பாக்கியரத்தினத்துக்கு ரெலிபோன் எடுக்கச் சொன்னார். ஏலாதவர்களைப் பராமரிக்கும் இல்லம் எதிலாவது தன்னைச் சேர்த்துவிட வேண்டும் என்பதுதான் செய்தி. அண்ணன் இடம் பார்ப்பதாகச் சொன்னார். பூரணிக்கு இது ஒன்றும் தெரியாது.

ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் ஸல்ஹா என்ற பெண், கிண்ணியாவிலிருந்து படகில் துறை கடந்து வேலைக்கு வருபவள். அவரைப் பார்க்க ஒருநாள் வீட்டுக்கு வந்தவள், அவரை விட்டுவிட்டுப் பூரணியைத்தான் மேலும் கீழும் பார்த்தாள்.

"அக்கா, உங்கட உடம்பையே உங்கட வயிறு தாங்குதில்ல. பிறகு எப்படி அவரைத் தாங்கும்? முதல்ல உங்களைத் தூக்கப் பழகுங்க."

வேறு ஆராவது சொல்லியிருந்தால் பூரணி ஒரு மாதம் முகங்கொடுத்துக் கதைத்திருக்க மாட்டாள். அன்றைக்குப் பாயை எடுத்து விரித்தாள்.

முழங்கையையும் கால்விரலையும் ஊன்றி, வயிற்றை எக்கி, உடம்பைப் பலகைபோல நேராகப் பிடித்திருக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்று பார்க்க வீட்டில் ஓடுகிற மணிக்கூடு இல்லை. சோமசேகரத்தின் தலைமாட்டில் வானொலிதான் இருந்தது. அதில் செத்தவரின் சொந்தங்களை ஒவ்வொருவராக வாசிக்கும் மரண அறிவித்தல் தொடங்கும்போது பூரணியும் தொடங்கினாள். முதல் நாள் செத்தவரின் பெயர் முடியுமுன் பொத்தென்று விழுந்தாள். சில நாள் கழித்து 'அன்புக் கணவரும்' வரைக்கும் தாக்குப்பிடித்தாள். பிறகு மருமக்களையும் மைத்துனர்களையும் தாண்டி, அறிவித்தல் முடியும் 'ஆவார்' வரைக்கும் போனாள். சொந்தக்காரர் குறைந்த ஆள் செத்தால் அவளுக்குச் சந்தோஷம். பெரிய குடும்பத்து ஆள் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு அழுவாள், ஆனால் இறங்கமாட்டாள். பார்த்திருந்த சோமசேகரத்துக்குச் சிரிப்பு வந்தது. இந்த மனுசிக்குள் இப்படி ஒரு பிடிவாதம் இருந்ததை இவ்வளவு காலம் தான் காணவில்லையே என்று தன்னிலேயே அவருக்குக் கோபம் வந்தது.

சாப்பாடும் மாறியது. தேங்காய்ப்பாலும் சீனியும் போட்டுக் குழைத்த புட்டு நின்றது. தேத்தண்ணி, பாலும் சீனியும் இல்லாத வெறும் தேத்தண்ணியானது. ஒரு பிடி சோறு, அதைவிட அதிகமாகக் கீரை, அவித்த பயறு, சூடை மீன் என்று சாப்பாட்டுக் கோப்பையின் தோற்றமே வேறாயிற்று. முகம் வற்றி, சட்டை தொளதொளத்ததும் ஊருக்குப் பொறுக்கவில்லை. அந்த நாளில் மெலிந்தவர் என்றால் நோய் வந்த வருத்தக்காரர், இல்லாவிட்டால் கவலைக்காரர். தவராசாவின் மனைவி புஸ்பராணி இரக்கப்பட்டு, மூடிய சட்டியில் பால்கஞ்சியும் கொழுக்கட்டையுமாகக் கொண்டுவந்து தள்ளினாள். பூரணி மறுக்காமல் வாங்கி அப்படியே புருஷனுக்கு ஊட்டிவிட்டாள். தூக்க வேண்டிய பாரம் கூடுகிறதே என்று அவர்தான் பயந்தார்.

ஒருநாள் மத்தியானம் துறைமுகப் பக்கம் சரமாரியாக வெடி கேட்டது. ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு கதவு அடிபட்டது. பூரணி குசினிக்குள் ஓடினாள். பானை மூடி விழுந்த சத்தம் சோமசேகரத்துக்குத் தெளிவாகக் கேட்டது. சரி, பட்ட பாடெல்லாம் போயிற்று என்று கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அவள் வெறுங்கையோடு வந்து கட்டிலடியில் குந்தினாள்.

"நாளைக்கும் சோறு இருக்கும், என்ன?" என்று கேட்டாள்.

"ஓம், இருக்கும்" என்றார். அந்தக் காலத்தில் அப்படி உறுதி சொல்ல ஆராலும் ஏலாது. ஆனால் அவளுக்கு அது போதுமாயிருந்தது. பலகை பிடித்ததைவிட அவள் அன்று செய்ததுதான் பெரிது என்று அவர் நினைத்தார்.

அப்போதும் அவரைத் தூக்கி இருத்துவது தவராசாதான். பூரணி ஒரு பக்கம் பிடிப்பாள். தனியே தூக்க இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்று ஸல்ஹா சொல்லியிருந்தாள். அண்ணனை வரவேண்டாம் என்று சொல்லிவிடச் சோமசேகரத்துக்கு நாவரைக்கும் வந்தது. ஆனால் ஒருத்தி எத்தனை காலத்துக்குத்தான் தன்னைச் சுமப்பாள் என்ற நினைப்பும் கூடவே வந்தது. சொல்லாமலே இருந்தார்.

கொழும்புப் பாதை திறந்திருந்த ஒரு நாளில் அண்ணன் ஒரு வான் வண்டியில் சாரதியோடு வந்து இறங்கினார். பூரணி கூட்டுறவுச் சங்கக்கடை வரிசையில் நின்ற நேரம். இருட்டுமுன் சோதனைச் சாவடிகளைத் தாண்ட வேண்டும் என்று அண்ணன் அந்தரப்பட்டார். அவரும் சாரதியும் ஆளுக்கொரு பக்கம் இழுத்து, கதவுநிலையில் இடித்து, சோமசேகரத்தை வானுக்குள் ஏற்றினார்கள். சில்லுக்கதிரை வெளியே நின்றது. அவளிடம் சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும் என்று அவர் கெஞ்சிக்கொண்டிருக்கையில் பூரணி பையோடு ஒழுங்கைக்குள் வந்தாள்.

அண்ணன் விஷயத்தைச் சொன்னார். தம்பிதான் கேட்டவன் என்பதையும் சொன்னார். பூரணி வானுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"நீங்களோ கேட்டனீங்கள்?"

"உன்ர இடுப்பு போன அண்டைக்குக் கேட்டனான். நீ படுற பாட்டைப் பார்க்க ஏலாமல்."

"இப்ப போக விருப்பமோ?"

அவர் இல்லையென்று தலையை ஆட்டினார்.

பூரணி பையைக் கீழே வைத்தாள். சில்லுக்கதிரையை வானோடு ஒட்ட நிறுத்தி, சில்லுக்குக் கல் கொடுத்தாள். சேலையைத் தூக்கிச் செருகினாள். கலியாணமான நாளிலிருந்து ஒழுங்கையில் அவர் கையைக்கூடப் பிடித்து நடக்காதவள், வான் படியில் ஒரு கால் வைத்து, முழங்காலை மடித்து, முகத்தோடு முகம் படக் குனிந்தாள்.

"கழுத்தைக் கட்டிப் பிடியுங்கோ."

"சனம் பார்க்குது, பூரணி."

"பார்க்கட்டும். இறுக்கிப் பிடியுங்கோ."

அவர் கட்டிக்கொண்டார். அவளுடைய வயிறு இறுகுவது அவருக்கு நெஞ்சில் தெரிந்தது. சாரதி உதவிக்குக் கை நீட்ட, வேண்டாம் என்று தலையசைத்தாள். மூச்சை விட்டபடி எழும்பினாள். அந்தப் பெரிய மனிதர் அவளோடு எழும்பினார். புஸ்பராணி வேலியைப் பிடித்தபடி நின்றாள். பூரணி ஒரு சுற்றுத் திரும்பி அவரைக் கதிரையில் மெதுவாக இருத்தினாள்.

இருத்திய பிறகும் சோமசேகரம் கையை எடுக்கவில்லை. ஒழுங்கை முழுக்கப் பார்க்க, பட்டப்பகலில், மனைவியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விம்மி விம்மி அழுதார். அவளும் விடுங்கோ என்று சொல்லவில்லை.