மாரீஸ்வரியின் போன் பதில் சொன்னது

கம்பத்தில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து, சென்னைக் கம்பெனி ஒன்றுக்காக கணினியின் அடிநிரலான லினக்ஸ் கர்னலுக்குப் புளூடூத் கருவியை இயக்கும் டிரைவர் நிரல் எழுதிக்கொண்டிருந்தான் சசிதரன். லேப்டாப்பில் செருகும் மலிவான யுஎஸ்பி டாங்கிள்தான் அந்தக் கருவி. செருகினாலும் கர்னல் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. மாதக்கணக்கில் மல்லுக்கட்டித்தான் அதைப் பேச வைத்தான். சோதித்துப் பார்க்க மனைவி மாரீஸ்வரியின் போன்தான். அவள் அதைப் பிடித்தபடி தெருவில் பின்னோக்கியே நடந்து விலகிப் போவாள்.

"இங்கன சிக்னல் வருதா?"

"வருது. இன்னும் தள்ளிப் போ."

"பாக்குறவுக சிரிக்கிறாக. உலை கொதிக்குது, நான் வாரேன்."

மலைமேல் ஏலக்காய் எஸ்டேட்டில் அவளுக்குக் கணக்கெழுதும் வேலை. 2008 ஐப்பசியில் ஒரு காலை, அவள் போன ஜீப்பின் மேல் மலை சரிந்து இறங்கியது. மழைக்குப் பயந்து மற்றவர்கள் வராததால், ஜீப்பில் அவளும் அதை ஓட்டிய கருத்தக்கண்ணனும் மட்டுமே.

சசிதரன் போய்ச் சேர்ந்தபோது பாதையே இல்லை, சேறுதான் இருந்தது. கருத்தக்கண்ணனின் அண்ணன் சங்கிலியும் இன்னும் சிலரும் கீழே ஓடையோரம் மண்ணை வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வளைவில் டவர் கிடையாது. டவர் இல்லாவிட்டாலும் புளூடூத் போனோடு நேரே பேசும் என்பது சசிதரனுக்கு நினைவு வந்தது. பையிலிருந்த லேப்டாப்பை எடுத்து, டாங்கிளைச் செருகி, ஏந்திக்கொண்டு சரிவில் ஏறினான். மேலே ஓரிடத்தில் அவள் போன் பதில் சொன்னது; திரையில் அதன் சிக்னல் தெரிந்தது.

"அண்ணே! இங்கன இருக்கா! இங்கன வெட்டுங்க!"

எல்லோரும் மேலே ஓடிவந்தார்கள். சங்கிலி வெறிபிடித்தவன் போல வெட்டினான்.

"உசுரோட இருப்பாகளா தம்பி?"

"இருப்பாகண்ணே. சிக்னல் நல்லா இருக்கு."

நல்லாத்தான் இருந்தது. சற்றைக்கெல்லாம் அவன் திரையை மறுபடி உற்றுப் பார்த்தான். ஈரத்தைத் தாண்டி அந்த அலை வராது. போனைத் தண்ணீர்க் குடத்துக்குப் பின்னால் வைத்தாலே தடுமாறும். ஈர மண்ணில் ஆள் ஆழத்துக்குப் புதைந்த போன் இவ்வளவு தெளிவாகப் பதில் சொல்ல வழியே இல்லை. இதெல்லாம் தெரிந்தவன்தான் அவன்.

லேப்டாப்பைக் கீழே போட்டுவிட்டுப் பக்கத்துப் புதரை விலக்கினான். சாய்ந்து கிடந்த மரக்கிளையில் அவள் கைப்பை தொங்கியது, போன் அதற்குள் இருந்தது. ஜீப் உருண்டபோது வெளியே தெறித்து விழுந்திருக்க வேண்டும்.

சங்கிலி பையைப் பார்த்தான்.

"கீழதானே தம்பி வெட்டிக்கிட்டு இருந்தோம்" என்றவன், மண்வெட்டியோடு திரும்பிக் கீழே ஓடினான்.

விட்டுவந்த அதே குழியில், இன்னும் ஒரு முழம் இறங்கியதும் ஜீப்பின் கூரை தட்டுப்பட்டது. இருவரும் உள்ளேதான் இருந்தார்கள். உயிர் இல்லை. கொஞ்ச நேரம் மூச்சு இருந்திருக்கும் என்றார் டாக்டர். எவ்வளவு நேரம் என்று சசிதரன் கேட்கவில்லை.

காரியத்துக்குச் சங்கிலி வந்திருந்தான். தம்பியைப் பறிகொடுத்தவன், சசிதரன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"ஒன் எடத்துல நானா இருந்தாலும் சிக்னல் வந்த எடத்துக்குத்தான் ஓடியிருப்பேன்" என்றான்.

சசிதரனால் சங்கிலியின் முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.